கியர்பாக்ஸ் ஆயில்: மாற்ற வேண்டும், வீட்டிலேயே மாற்றலாம்

ஆட்டோமேட்டிக் கார் வைத்திருக்கும் நண்பர்களிடம் என்ஜின் ஆயில் கடைசியாக எப்போது மாற்றினீர்கள் என்று கேட்டுப் பாருங்கள். கண்ணாடியில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரைப் பார்த்து மைல் கணக்கோடு சொல்வார்கள். கியர்பாக்ஸ் ஆயில்? "அதையெல்லாம் மாத்தணுமா என்ன?" என்று நம்மையே திருப்பிக் கேட்பார்கள். விடாமல் பேசினால், "மாத்தினா கியர்பாக்ஸ் போயிடும்னு சொல்றாங்களே" என்பார்கள். தெருவுக்கு நாலு ஆட்டோமொபைல் என்ஜினீயர்கள் குடியிருக்கும் எங்கள் டெட்ராய்ட் புறநகரிலேயே இதுதான் நிலவரம். மற்ற ஊர்களைப் பற்றிக் கேட்கவே வேண்டாம்.

என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மாற்றத்தான் வேண்டும். என்ஜின் ஆயில் மாற்றத் தெரிந்தவர் இதையும் வீட்டிலேயே மாற்றிவிடலாம். இரண்டு விஷயத்தில் மட்டும் கறாராக இருக்க வேண்டும்: சரியான ஆயில், சரியான அளவு. மற்றதெல்லாம் கை அழுக்காகும் வேலை, அவ்வளவுதான்.

மேனுவல் கியர்பாக்ஸில் எண்ணெய்க்குப் பெரிதாக வேலை இல்லை. பற்சக்கரம் தேயாமலும் சூடேறாமலும் பார்த்துக்கொண்டால் போதும். ஆட்டோமேட்டிக்கில் அப்படியில்லை. டார்க் கன்வெர்ட்டருக்குள் என்ஜினின் சுழற்சியை வாங்கிக் கியர் பக்கம் தள்ளுவதே எண்ணெய்தான். வால்வு பாடியின் சின்னச் சின்ன வழிகளில் அழுத்தத்தோடு ஓடி, எந்தக் கிளட்ச் பிடிக்க வேண்டும், எது விட வேண்டும் என்பதை நடத்திவைப்பதும் அதுதான். கிளட்ச் பிளேட்டுகளோ அந்த எண்ணெயிலேயே ஊறிக் கிடப்பவை. அவை கொஞ்சம் வழுக்கவும் வேண்டும், உரிய நேரத்தில் உதறாமல் கவ்வவும் வேண்டும். ஒன்றுக்கொன்று எதிரான இந்த இரண்டு குணத்தையும் கொடுப்பவை எண்ணெயில் கலந்திருக்கும் சேர்மானங்கள். சூட்டில் வெந்து வெந்து அவை தீர்ந்துபோகும். எண்ணெயின் அளவு குறைந்திருக்காது, பார்க்கவும் நன்றாகவே இருக்கும். ஆனால் கியர் மாறும்போது முன்பு இல்லாத ஒரு சின்னத் தட்டல் தெரிய ஆரம்பிக்கும்.

இந்த உராய்வு விஷயம் எவ்வளவு நுணுக்கமானது என்றால், 1970களின் தொடக்கம் வரை அமெரிக்காவில் இதற்காக ஸ்பெர்ம் திமிங்கில எண்ணெயைக் கலந்துகொண்டிருந்தார்கள். திமிங்கிலங்களைக் காக்கச் சட்டம் வந்ததும் அது நின்றது. மாற்று கண்டுபிடிக்க எண்ணெய்க் கம்பெனிகளும் கார் கம்பெனிகளும் பட்ட பாடு கொஞ்சமல்ல. ஜெனரல் மோட்டார்ஸின் பழைய டெக்ஸ்ரான் ஆயில் போய் டெக்ஸ்ரான் 2 வந்த காலம் அது.

கதை என்று ஆரம்பித்தபின் உள்ளூர்க் கதை ஒன்றையும் சொல்லாமல் விட மனசில்லை. பெரிய அளவில் விற்பனைக்கு வந்த முதல் முழு ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் ஜெனரல் மோட்டார்ஸின் ஹைட்ரமாட்டிக். 1940 மாடல் ஓல்ட்ஸ்மொபீல் கார்களில் அது வந்தது. பிற்பாடு அதைத் தயாரித்த தொழிற்சாலை இங்கே பக்கத்தில் லிவோனியாவில்தான் இருந்தது. 1953 ஆகஸ்டில் வெல்டிங் தீப்பொறி ஒன்று பட்டு அந்தத் தொழிற்சாலை முழுதும் எரிந்து போனது. கியர்பாக்ஸ் இல்லாமல் கார் விற்க முடியுமா? காடிலாக்கும் ஓல்ட்ஸ்மொபீலும் ப்யூக்கின் டைனாஃப்ளோவை வாங்கிப் பொருத்தின. பான்டியாக் ஷெவர்லேயின் பவர்க்ளைடிடம் போனது. ஜெனரல் மோட்டார்ஸ் வில்லோ ரன்னில் இருந்த பழைய விமானத் தொழிற்சாலைக்கு இயந்திரங்களைக் கொண்டுபோய் மறுபடி உற்பத்தியைத் தொடங்கியது. தன் காரில் ஹைட்ரமாட்டிக்கைப் போட்டுக்கொண்டிருந்த லிங்கனும் அப்போது சேர்ந்து தவித்தது. லிங்கன் யார்? ஃபோர்டு வீட்டுப் பிள்ளை!

சரி, நம் கராஜுக்கு வருவோம்.

எங்கள் வீட்டில் இருப்பது 2006 ஹோண்டா அக்கார்டு. நாலு சிலிண்டர், 2.4 லிட்டர், ஐந்து கியர் ஆட்டோமேட்டிக். இந்த வேலையைக் கற்றுக்கொள்ள இதைவிட நல்ல கார் கிடைக்காது. பல கார்களில் கியர்பாக்ஸின் அடித்தட்டையே கழற்றி, காஸ்கெட் மாற்றி, ஃபில்டர் மாற்றி என்று வேலை இழுக்கும். ஹோண்டாவின் இந்தத் தலைமுறைப் பெட்டியில் அடித்தட்டே கிடையாது. மற்றவர்களைப் போலக் கோள்பற்சக்கரங்களை வைக்காமல், மேனுவல் பெட்டி மாதிரி இணைத் தண்டுகளில் பற்சக்கரங்களை அடுக்கி, ஒவ்வொன்றுக்கும் ஒரு கிளட்ச் வைத்த அமைப்பு இது. கீழே ஒரு போல்ட், மேலே ஒரு போல்ட், ஒரு டிப்ஸ்டிக். இவ்வளவுதான் நமக்கு வேண்டியவை.

முதலில் ஆயில். கடையில் போய், ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் ஆயிலின் பொதுப்பெயரைச் சொல்லி "ஏ.டி.எஃப். கொடுங்க" என்று கேட்காதீர்கள். அப்படி ஒரே எண்ணெய் என்ற காலம் மலையேறிவிட்டது. ஜெனரல் மோட்டார்ஸுக்கு டெக்ஸ்ரான், ஃபோர்டுக்கு மெர்க்கான், டொயோட்டாவுக்கு முதலில் டி-ஃபோர், பிறகு டபிள்யூ.எஸ்., ஹோண்டாவுக்கு இசட்-1, அதன் இடத்தில் இப்போது டி.டபிள்யூ-1. ஒவ்வொன்றும் அந்தந்தப் பெட்டியின் கிளட்ச் பிளேட்டுக்கென்றே வடித்தது. எல்லா வண்டிக்கும் பொருந்தும் என்று எழுதிய ஜாடிகள் அலமாரி நிறைய இருக்கின்றன. ஊற்றி ஆண்டுக்கணக்கில் ஓட்டுபவர்களையும் தெரியும். நான் வாங்க மாட்டேன். ஒரு குவார்ட்டுக்கு நாலைந்து டாலர் மிச்சம் பிடிப்பதற்காக, மாற்ற ஆயிரக்கணக்கில் ஆகும் பெட்டியில் பரீட்சை செய்து பார்ப்பானேன்? டீலரின் பாகங்கள் கவுன்ட்டரில் போய்க் கேட்டால் எடுத்துக் கொடுத்துவிடுகிறார்கள். ட்ரெய்ன் போல்டுக்கான புது வாஷரையும் அங்கேயே கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். அலுமினிய வாஷர், ஒருமுறை நசுங்கியது மறுமுறை சரியாக அடைக்காது.

சிவப்பாக இருப்பதெல்லாம் ஒன்றுதான் என்ற எண்ணம் வேறு பலருக்கு உண்டு. அந்தச் சிவப்பு வெறும் சாயம். கீழே சொட்டினால் என்ஜின் ஆயிலா, கியர்பாக்ஸ் ஆயிலா என்று கண்டுபிடிக்கச் சேர்ப்பது. தரத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. ஓடிய எண்ணெய் கறுத்துப் போவதும் தன்னளவில் கெட்ட சகுனமில்லை. முகர்ந்து பாருங்கள். தீய்ந்த வாடை அடித்தால்தான் உள்ளே கிளட்ச் கருகியிருக்கிறது என்று கவலைப்பட வேண்டும். எண்ணெய் ரோஸ்மில்க் நிறத்தில் நுரைத்துக்கொண்டு வந்தால் விஷயம் வேறு. ரேடியேட்டருக்குள் இருக்கும் ஆயில் கூலர் உடைந்து கூலன்ட் கலந்துவிட்டது என்று அர்த்தம். காரை அப்படியே நிறுத்திவிட்டு டோ வண்டியைக் கூப்பிடுங்கள்.

வேலைக்கு வருவோம். காரைப் பத்து நிமிஷம் ஓட்டி எண்ணெயை வெதுவெதுப்பாக்கிக் கொள்கிறேன். நன்றாகச் சூடேறிய எண்ணெய் கையில் பட்டால் கொப்புளித்துவிடும், வெதுவெதுப்பே போதும். சமதளத்தில் நிறுத்தி, ஹேண்ட் பிரேக் போட்டு, பின் சக்கரத்துக்குக் கட்டை கொடுத்து, முன்பக்கத்தைத் தூக்கி ஜாக் ஸ்டாண்டில் உட்கார வைக்க வேண்டும். ஜாக்கை மட்டும் நம்பி ஒரு விரலைக்கூட அடியில் நீட்டாதீர்கள். ஸ்டாண்டையும் கண்ணை மூடிக்கொண்டு நம்பிவிட முடியாது. ஹார்பர் ஃப்ரெய்ட் கடை விற்ற பிட்ஸ்பர்க் ஸ்டாண்டுகளை, பல்லில் இருந்து கொக்கி நழுவி இறங்கிவிடலாம் என்று 2020-ல் திரும்பப் பெற்றார்கள். சுமார் 17 லட்சம் ஸ்டாண்டுகள். அதனால் ஸ்டாண்டில் ஏற்றியதும் காரைப் பக்கவாட்டில் நன்றாக ஆட்டிப் பார்த்துவிட்டு, கழற்றி வைத்த சக்கரம் ஒன்றையும் காருக்கு அடியில் படுக்க வைத்துவிடுவேன். அதுவும் ஒரு காவல்தான்.

இப்போது முக்கியமான ஒன்று. கீழே இருக்கும் போல்ட்டைத் தொடுவதற்கு முன் மேலே ஊற்றும் போல்ட்டைத் திறந்து பாருங்கள். எங்கள் காரில் அது 17 மில்லிமீட்டர் தலை, மேலே ஏ.டி.எஃப். என்று பொறித்திருக்கும். மிச்சிகனில் குளிர்காலம் முழுக்கச் சாலையில் உப்பைக் கொட்டுகிறார்கள். அந்த உப்புத்தண்ணீர் தெறித்துத் தெறித்துப் போல்ட்டெல்லாம் துருவேறி இறுகிக் கிடக்கும். எண்ணெயை முழுக்க வடித்துவிட்டு, ஊற்றும் வாய் திறக்கவில்லை என்றால் கார் நகராது. மேல் போல்ட் அசைந்து கொடுத்த பிறகுதான் கீழே போக வேண்டும்.

கீழே இருப்பது வழக்கமான அறுகோணத் தலை போல்ட் இல்லை. நடுவில் சதுரக் குழி. 3/8 அங்குல ராட்செட்டின் முனை நேராக அதற்குள் உட்காரும். சாக்கெட்டே வேண்டாம். ஆனால் அந்தக் குழி நிறையச் சேறும் உப்பும் அடைந்திருக்கும். ஒரு ஸ்க்ரூட்ரைவரால் சுரண்டி, கம்பி பிரஷ் போட்டு, துரு இளக்கும் எண்ணெயை அடித்துக் கொஞ்ச நேரம் விட்டுவிட வேண்டும். ராட்செட் முனை குழியின் அடிவரை போய் உட்கார்ந்ததா என்று பார்க்காமல் பலத்தைக் காட்டினால் சதுரம் வட்டமாகிவிடும். அதற்கப்புறம் அந்தப் போல்ட்டை வெளியே எடுப்பது நம் வீட்டு கராஜில் நடக்கிற காரியமில்லை. நீளப் பிடி ஒன்றை மாட்டி, மெதுவாக, விடாமல் அழுத்தினால் டக்கென்று ஒரு சத்தத்தோடு விட்டுக்கொடுக்கும். பிறகு கையாலேயே திருகி எடுக்கலாம். பாத்திரத்தைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள். முதல் வீச்சு நேராக விழாது, ஒரு முழம் தள்ளித்தான் விழும்.

வெளியே வந்த போல்ட்டின் முனையில் ஒரு காந்தம் இருக்கும். அதில் சாம்பல் நிறத்தில் ஒரு பிசுக்கு அப்பியிருக்கும். அதைத் துடைத்து எறிவதற்கு முன் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்துத் தேய்த்துப் பாருங்கள். வழவழவென்று, கரகரப்பே இல்லாமல் இருந்தால் அது இயல்பான தேய்மானம். பல வருஷமாக மாற்றாத காரில் அந்தப் பிசுக்கு கனமாகவே இருக்கும், பயப்பட வேண்டாம். கண்ணுக்குத் தெரிகிற உலோகச் சில்லோ, பல் உடைந்த துணுக்கோ வந்தால் மட்டும் மெக்கானிக்கிடம் காட்ட வேண்டியதுதான். என்னைக் கேட்டால் இந்த வேலையிலேயே சுவாரசியமான கட்டம் இதுதான். பெட்டியைத் திறக்காமலேயே அதன் உள்நடப்பு தெரிந்துவிடுகிறது. கடையில் விட்டால் இதை யாரும் நமக்குக் காட்டப்போவதில்லை.

வடிவது சொட்டுச் சொட்டாகக் குறைந்ததும் காந்தத்தைத் துடைத்து, புது வாஷர் போட்டு, போல்ட்டைக் கையாலேயே முடிந்த மட்டும் ஏற்றுங்கள். பெட்டி அலுமினியம், போல்ட் இரும்பு. குறுக்கே ஏறினால் மரை கடிபட்டு அறுந்துவிடும். கடைசி முறுக்குக்கு டார்க் ரென்ச்: 49 நியூட்டன் மீட்டர். "இன்னும் ஒரு இறுக்கு இறுக்கிவிடுவோம்" என்று கை பரபரக்கும். விட்டுவிடுங்கள்.

இனி அளவு. வடிந்த எண்ணெய் ஆறியதும், கோடு போட்ட ஜாடியில் ஊற்றி அளக்க வேண்டும். சூடாக இருக்கும்போது அளந்தால் விரிந்த அளவைக் காட்டும். எங்கள் காரில் சுமார் இரண்டரை லிட்டர் வெளியே வரும். எவ்வளவு வந்ததோ அவ்வளவைத்தான் நீளக் குழாய் மாட்டிய புனல் வழியாக மேலே ஊற்றுகிறேன். எடுப்பதற்கு முன் அளவு சரியாக இருந்திருந்தால் இந்தக் கணக்கு தவறவே தவறாது. குறைவாக ஊற்றினால் பம்ப் காற்றை உறிஞ்சும், கிளட்ச் வழுக்கும். அதிகமாக ஊற்றினால் சுழலும் பாகங்கள் எண்ணெயைக் கடைந்து நுரையாக்கும். நுரையில் அழுத்தம் நிற்காது, மறுபடி கிளட்ச்தான் வழுக்கும். ஆக, எந்தப் பக்கம் தவறினாலும் வியாதி ஒன்றே.

டிப்ஸ்டிக் பார்ப்பதில்தான் ஊருக்கு ஒரு சட்டம். இந்த ஹோண்டாவில் ரேடியேட்டர் விசிறி சுற்றும் வரை என்ஜினைச் சூடாக்கி, சமதளத்தில் அணைத்துவிட்டு, 60 நொடியில் இருந்து 90 நொடிக்குள் பார்க்க வேண்டும். டிப்ஸ்டிக் வைத்த பழைய டொயோட்டாக்களில் என்ஜின் ஓடிக்கொண்டிருக்கும்போதே பார்க்க வேண்டும். புதிய டொயோட்டாக்களில் டிப்ஸ்டிக்கே கிடையாது. எண்ணெய் குறிப்பிட்ட சூட்டில், சுமார் 40 முதல் 45 டிகிரி செல்சியஸுக்குள் இருக்கும்போது, அடியில் ஒரு போல்ட்டைத் திறந்து வழிவது சொட்டாகக் குறையும் வரை விட்டு மூட வேண்டும். காரும் நாலு காலிலும் சமமாகத் தூக்கியிருக்க வேண்டும். முதல்முறை செய்பவர்கள் அந்தக் காரில் ஆரம்பிக்காதீர்கள்.

இரண்டரை லிட்டர்தானே வந்தது, மொத்தம் ஆறரை லிட்டர் இருக்கிறதே, மீதி? டார்க் கன்வெர்ட்டரிலும் குழாய்களிலும் தங்கிவிடுகிறது. அதனால் ஒருமுறை மாற்றினால் உள்ளே புது எண்ணெய் 38 சதவீதம்தான். கொஞ்சம் ஓட்டிவிட்டு இன்னொரு தடவை மாற்றினால் 62, மூன்றாவது தடவைக்கு 77. நாலாவதில் இருந்து காசு கரைகிற வேகத்துக்குப் பலன் ஏறாது. இதற்குத்தான் மெஷின் வைத்து ஒரேயடியாக ஃப்ளஷ் செய்கிறேன் என்று கடைகள் கூப்பிடுகின்றன. ஹோண்டா அந்த வெளி மெஷின்களையும் வாசனைத் திரவியம் மாதிரி விற்கிற சேர்மானங்களையும் வேண்டாம் என்றே தன் மெக்கானிக்குகளுக்குச் சொல்லிவருகிறது. வடித்து ஊற்று, ஓட்டு, மறுபடி வடி. அவர்கள் சொல்லும் வழி இதுதான். முதல் தடவை அடுத்தடுத்து மூன்று முறை மாற்றிவிட்டால், அப்புறம் 30,000 மைலுக்கு ஒருமுறை ஒரு வடிப்பு போதும் என்பது என் கணக்கு.

'மாற்றினால் கியர்பாக்ஸ் போய்விடும்' என்ற பயத்துக்கு வருகிறேன். அது வெறும் கட்டுக்கதை என்று ஒதுக்க மாட்டேன். பெரும்பாலும் நடப்பது என்னவென்றால், பெட்டி வழுக்க ஆரம்பித்தபின்தான் ஆட்களுக்கு எண்ணெய் ஞாபகமே வருகிறது. தேய்ந்து போன கிளட்ச், அது உதிர்த்த துகள் கலந்த பழைய எண்ணெயில் எப்படியோ பிடித்துக்கொண்டு ஓடிக்கொண்டிருக்கும். புது எண்ணெய் உள்ளே போனதும் உள்ள பிடியும் போய்விடும். பழி எண்ணெய் மேல் விழும். ஏற்கெனவே வழுக்குகிற, உதறுகிற பெட்டியில் எண்ணெய் மாற்றிப் பிழைக்க வைக்க முடியாது. நன்றாக ஓடுகிற காலத்திலேயே மாற்றுவதுதான் மாற்றுவது.

ஆயுள் முழுக்க மாற்ற வேண்டாம் என்று சில கார் கம்பெனிகள் சொல்வது இன்னொரு பக்கம். பி.எம்.டபிள்யூ உட்படப் பலர் பொருத்தும் பெட்டிகளைச் செய்து கொடுப்பது ஜெர்மனியின் இசட்.எஃப். கம்பெனி. அந்த இசட்.எஃப்., 80,000 முதல் 1,20,000 கிலோமீட்டருக்குள் எண்ணெயை மாற்றச் சொல்கிறது. பெட்டியைச் செய்தவன் ஒன்று சொல்கிறான், காரை விற்பவன் ஒன்று சொல்கிறான். நான் செய்தவன் பக்கம்.

இதைப் பற்றிப் பேசியதைக் கேட்டுக் கோயம்புத்தூரில் இருந்து சித்தி பையன் ஃபோன் செய்தான். "அண்ணா, என் செலேரியோவும் ஆட்டோமேட்டிக்தான். நானே மாத்தட்டுமா?" "டேய், உன்னுது ஏ.ஜி.எஸ். உள்ளே இருக்கிறது மேனுவல் பெட்டி. கிளட்ச்சையும் கியரையும் நமக்குப் பதிலா ஒரு மெஷின் இழுக்குது. அதுக்குள்ள ஏ.டி.எஃப். ஊத்திடாதே" என்றேன். இந்தியாவில் இருப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். கிளட்ச் பெடல் இல்லாததெல்லாம் ஒரே ஜாதியில்லை. ஏ.ஜி.எஸ். மாதிரியான ஏ.எம்.டி. பெட்டிக்கு அதற்கென்று குறித்த சாதாரண கியர் ஆயில். சி.வி.டி. பெட்டிக்கு சி.வி.டி. எண்ணெய்தான், அதில் ஏ.டி.எஃப். ஊற்றினால் உள்ளே இருக்கும் எஃகுப் பட்டை வழுக்கிப் பெட்டியே பாழாகும். இரட்டைக் கிளட்ச் பெட்டிக்கு இன்னொன்று. டார்க் கன்வெர்ட்டர் வைத்த காராகவே இருந்தாலும், கையேட்டில் என்ன எண்ணெய் போட்டிருக்கிறது என்று எழுத்துக்கு எழுத்து பார்த்து வாங்குங்கள்.

செலவு? நாலு குவார்ட் எண்ணெய், ஒரு வாஷர், அரை நாள். டீலரிடம் கொடுத்தால் இதைப்போல மூன்று மடங்காவது ஆகும். வீட்டு உரிமையாளர் சங்கம் டிரைவ்வேயில் கார் வேலை பார்க்கக் கூடாது என்று விதி வைத்திருக்கும் குடியிருப்புகள் உண்டு. கராஜுக்குள் கதவை இறக்கிக்கொண்டு செய்யுங்கள், ஆனால் என்ஜினை ஓட்டும்போது கதவைத் திறந்துவிட மறக்காதீர்கள்.

கடைசியாக, வடித்த எண்ணெயைச் சாக்கடையிலோ கொல்லையிலோ கொட்டாதீர்கள். தெரு ஓரச் சாக்கடை நேராக ஏரிக்குப் போகிறது. அதே ஜாடிகளில் ஊற்றி மூடி, ஆட்டோஸோன், ஓ'ரைலி மாதிரியான உதிரிபாகக் கடைக்கு எடுத்துப் போனால் காசு வாங்காமல் எடுத்துக்கொள்கிறார்கள். கூலன்ட் கலந்திருந்தால் மட்டும் வாங்க மாட்டார்கள். அதைத் தனி ஜாடியில் வையுங்கள்.